பேட்டரியில் ஓடும் ராஸ்பெர்ரி பை: ரேடியோ விட்டு விட்டு வந்தால் எங்கே பார்ப்பது

தோப்புக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறேன். உள்ளே ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்கிற சின்னக் கணினி (இனி பை, அல்லது ஜீரோ), ஆர்எஃப்எம் 95 லோரா மாட்யூல் (குறைந்த கரண்டில் நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ), ஒரு 18650 செல் (திரும்பச் சார்ஜ் ஏறும் லித்தியம் பேட்டரி), அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும் பூஸ்ட் கன்வர்ட்டர், மோட்டார் ரூம் கூரைமேல் ஒரு சின்ன சோலார் பேனல். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீர்மட்டத்தை அளந்து 866 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். வீட்டுக்கும் கிணற்றுக்கும் 700 மீட்டர் இருக்கும்.

பெட்டியை வைத்த முதல் மாதம் பகலெல்லாம் ஒழுங்காக வந்தது. ராத்திரி இரண்டு மணி தாண்டினால் நின்றுவிடும். காலை எட்டு மணிக்கு யாரும் தொடாமலே மறுபடி வரும். மாட்யூலை மாற்றினேன், ஆண்டெனாவை மாற்றினேன், லைப்ரரியை மாற்றினேன். மூன்று வாரம் போனது. கடைசியில் பிழை ரேடியோவிலேயே இல்லை, ஒரு சிவப்பு வயர் போன இடத்தில் இருந்தது.

அந்த மூன்று வாரம் உங்களுக்கும் போகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். லோராவை வைத்துச் சொன்னாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் என்ஆர்எஃப் 24 மாட்யூலோ 433 மெகாஹெர்ட்ஸ் மாட்யூலோ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பெட்டியைத் திறக்கும் முன்

அனுப்பும் செய்தியோடு மூன்று விஷயங்களைச் சேர்த்து அனுப்புங்கள்: வரிசை எண், பை எழுந்து எத்தனை விநாடி ஆயிற்று, அனுப்பும்போது பேட்டரி வோல்ட்டேஜ் எவ்வளவு. பெறும் பக்கத்தில் ஒவ்வொரு பாக்கெட்டோடும் (ஒரு தடவை அனுப்பும் செய்தி) ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னலின் பலம்), எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு) இரண்டையும் கோப்பில் எழுதிவையுங்கள். இவை இருந்தால் பாதிப் பிழைகள் நாற்காலியை விட்டு எழாமலே பிடிபடும்.

நேரத்தை நம்பாமல் விநாடிக் கணக்கை ஏன் கேட்கிறேன் என்றால், ஜீரோவில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. தோப்பில் இன்டர்நெட்டும் இல்லை. ரீஸ்டார்ட் ஆனால் அது சொல்லும் மணி தப்பாக இருக்கும். எழுந்ததிலிருந்து எண்ணும் கணக்கு மட்டும் தப்பாது.

வோல்ட்டேஜ் அளக்க பையில் அனலாக் பின் இல்லை, அதனால் ஐஎன்ஏ 219 மாதிரி ஒரு சின்ன போர்டு வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் அளந்த வோல்ட்டேஜால் பயனில்லை. சும்மா கிடக்கும் பேட்டரி எப்போதும் நல்ல பிள்ளைதான். 'அனுப்பு' என்று மாட்யூலுக்குச் சொல்லிவிட்டு, அது முடிந்ததாகச் சொல்வதற்குள் அளக்க வேண்டும். அப்படி எடுத்த அளவு அந்த பாக்கெட்டில் போகாது, அடுத்த பாக்கெட்டில் போகட்டும்.

இப்போது பதிவைப் பாருங்கள். வரிசை எண்ணில் இடைவெளி விழுந்திருக்கிறது, ஆனால் விநாடிக் கணக்கு தொடர்ந்து ஏறியிருக்கிறது என்றால், பை விழித்துத்தான் இருந்தது, பாக்கெட் வழியில் தொலைந்தது. விநாடிக் கணக்கு சின்னதாகிவிட்டது என்றால் பை செத்துப் பிழைத்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பகலில் வருகிறது, விடியற்காலையில் நிற்கிறது

மணி பார்த்து வரும் பழுது என்றால் என் முதல் சந்தேகம் கரண்ட் மேல்தான். சோலாரில் சார்ஜ் ஆகும் செல் விடியும் முன்தான் மிகவும் இறங்கியிருக்கும்.

என் பெட்டியில் நடந்தது இது. ரேடியோவின் சுமையைப் பையின் 3.3 வோல்ட் பின்மேல் ஏற்ற வேண்டாம் என்று வோல்ட்டேஜை 3.3-க்கு இறக்கித் தரும் ஏஎம்எஸ் 1117 ரெகுலேட்டர் ஒன்றைத் தனியாகப் போட்டிருந்தேன். அதுவரை சரி. அதன் இன்புட் வயரை நேராக 18650 செல்லிலிருந்து எடுத்திருந்தேன். 5 வோல்ட்டுக்கு ஏற்றி மறுபடி இறக்குவது வீண் என்று நினைப்பு.

இந்த ரெகுலேட்டருக்கு இன்புட்டும் அவுட்புட்டும் ஏறத்தாழ ஒரு வோல்ட் விலகி இருக்க வேண்டும். பகலில் செல் 4.1 வோல்ட்டில் இருக்கும்போது மாட்யூலுக்கு 3 வோல்ட் போகும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. பகலில் மட்டுமே பார்த்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டியதுதான் என் மூன்று வாரம்.

ஒரு நாள் காலை நாலரை மணிக்கு டார்ச்சும் மீட்டருமாகப் போனேன். செல் 3.4 வோல்ட். மீட்டரின் இரண்டு முனைகளையும் மாட்யூலின் 3.3 பின்னிலும் கிரவுண்டிலும் பிடித்துக்கொண்டு அடுத்த பாக்கெட்டுக்குக் காத்திருந்தேன். பை விழித்து வேலையைத் தொடங்கியதும் 2.4 என்று இருந்த எண் 2.3, 2.1 என்று இறங்கியது. ஒரு விநாடிக்குமேல் அங்கேயே நின்றது. அப்புறம் பழையபடி ஏறியது. பை திரையில் 'அனுப்பியாச்சு' என்று எழுதியது. வீட்டில் ஒன்றும் வந்து சேரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது புரிந்துவிடும். பை சுறுசுறுப்பாக வேலை செய்யும்போது 5 வோல்ட்டில் 0.4 ஆம்பியர், அதாவது 2 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். பூஸ்ட் கன்வர்ட்டர் 85 சதவீதத் திறனில் ஓடினால் செல் 2.35 வாட் கொடுக்க வேண்டும். செல்லின் உள்தடை, வயர், ஸ்பிரிங் ஹோல்டர் எல்லாம் சேர்ந்து 0.4 ஓம் இருந்தால், 3.4 வோல்ட் செல்லிலிருந்து 0.76 ஆம்பியர் ஓடும், முனையில் 3.1 வோல்ட்தான் நிற்கும். அதில் ரெகுலேட்டர் ஒரு வோல்ட்டை விழுங்கினால் மீதி 2.1. பூஸ்ட் கன்வர்ட்டரின் குணத்தையும் கவனியுங்கள்: இன்புட் வோல்ட்டேஜ் குறையக் குறைய அது அதிக கரண்ட் இழுக்கும், இழுக்க இழுக்க வோல்ட்டேஜ் இன்னும் விழும்.

ஆர்எஃப்எம் 95-க்குள் இருக்கும் எஸ்எக்ஸ் 1276 சிப் 1.8 வோல்ட் இருந்தாலே பேசும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், பாக்கெட்டை வாங்கிக்கொள்ளும், முடிந்தது என்று கொடியும் தூக்கும். ஆனால் 20 டிபிஎம் (அனுப்பும் பலத்தின் அளவு) என்ற முழுப் பலத்தில் அனுப்ப அதற்குக் குறைந்தது 2.4 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே பேச்சு மட்டும்தான், குரல் எழும்பாது. 'அனுப்பியாச்சு' என்பது சிப் தன் வேலையை முடித்தது என்பதற்கு மட்டுமே சான்று, காற்றில் எவ்வளவு போனது என்பதற்கு இல்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பல நாள் மிச்சமாகும்.

சரிசெய்தது இப்படி: ரெகுலேட்டரின் இன்புட் வயரைச் செல்லிலிருந்து எடுத்து பூஸ்ட் கன்வர்ட்டரின் 5 வோல்ட் அவுட்புட்டில் வைத்து சால்டர் செய்தேன். 5-க்கும் 3.3-க்கும் இடையில் 1.7 வோல்ட் இருக்கிறது, ஏஎம்எஸ் 1117-க்கு அது தாராளம். அவுட்புட்டில் 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. செல்லிலிருந்தே எடுத்தாக வேண்டும் என்பவர்கள் எச்டி 7333 அல்லது எம்சிபி 1700 மாதிரி குறைந்த இடைவெளியில் ஓடும் ரெகுலேட்டரைப் போடுங்கள். இரண்டும் 250 மில்லிஆம்பியர் வரை தாங்கும், ரேடியோவுக்கு 120 இருந்தால் போதும்.

எந்த ரெகுலேட்டராக இருந்தாலும் அதன் கிரவுண்டும் பையின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். மாட்யூலின் சப்ளை 2.1-க்கு விழும்போது பையின் பின்கள் 3.3 வோல்ட்டில் அதற்குள் கரண்டைத் தள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். அது சிப்புக்கு நல்லதில்லை.

உங்கள் பெட்டியிலும் இதேதானா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சிக்னல் நின்றிருக்கும் நேரத்தில் முழுதாக சார்ஜ் ஏறிய செல்லை மாற்றிப் போடுங்கள். உடனே வந்தால் ரேடியோமேல் பழி போட வேண்டாம்.

அடுத்து, செல் ஒரு ராத்திரியைத் தாண்டுமா என்ற கணக்கு. ஜீரோ 2 டபிள்யூ சும்மா இருக்கும்போதே அரை வாட்டுக்கு மேல் தின்னும். 0.6 வாட் என்று வைத்தால் 12 மணி நேரத்துக்கு 7.2 வாட்-மணி. 2600 மில்லிஆம்பியர்-மணி செல்லில் 9.6 வாட்-மணி இருக்கிறது, கன்வர்ட்டர் இழப்பு போக 8 சொச்சம். மட்டுமட்டாகத்தான் தேறும். மேகமூட்டமாக இருந்து அரை சார்ஜ்தான் ஏறியது என்றால் நள்ளிரவிலேயே முடிந்துவிடும். ஒரே வயதுள்ள இரண்டு செல்லை, வோல்ட்டேஜைச் சமமாக்கிய பிறகு, பக்கவாட்டில் இணையுங்கள். தடையும் பாதியாகும். 9900 என்று அச்சடித்த 18650 செல்லைத் தொடவே தொடாதீர்கள். இந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்பிலேயே 3500 பக்கம்தான் உச்சம்.

அனுப்பும் கணத்தில் பை ரீஸ்டார்ட் ஆகிறது

வந்து சேரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் விநாடிக் கணக்கு முப்பது, நாற்பது என்றே இருந்தால் இதுதான். பை எழுகிறது, அனுப்பப் போகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. இப்படியே விட்டால் மெமரி கார்டும் கெட்டுப்போகும்.

வோல்ட்டேஜ் குறைந்ததா என்று பையிடமே கேட்கும் கட்டளை ஒன்று உண்டு, விசிஜென்சிஎம்டி. கெட் த்ராட்டில்டு என்று கேட்டால் பதிலில் ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண் கணக்கு) 50000 என்று வந்தால் எப்போதோ விழுந்திருக்கிறது, 50005 என்றால் இப்போதும் விழுந்து கிடக்கிறது என்று படிக்கலாம். ஆனால் வோல்ட்டேஜ் 4.63-க்குக் கீழே போவதைக் கண்டுபிடிக்கும் சர்க்யூட் ஜீரோ வகைப் போர்டுகளில் கிடையாது. அங்கே எத்தனை முறை விழுந்தாலும் பதில் 0 என்றே வரும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்து வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். பை 3, 4 வைத்திருப்பவர்கள் நம்பலாம்.

பார்க்க வேண்டிய முதல் பொருள் யுஎஸ்பி கேபிள். மெல்லிய 28 கேஜ் கேபிள் ஒரு மீட்டருக்கு, போகவும் வரவும் சேர்த்து, 0.4 ஓம் தாண்டும். அரை ஆம்பியர் ஓடினால் கேபிளிலேயே 0.2 வோல்ட் போய்விடும். பெட்டிக்குள் ஒரு சாண் தூரத்துக்கு ஒரு மீட்டர் கேபிளைச் சுருட்டி வைப்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் தடித்த வயரை நேராக 5 வோல்ட் பின்னில் சால்டர் செய்யுங்கள். பிரெட்போர்டில் நின்று கரண்ட் வாங்கவே கூடாது, அதன் துளைகள் மாதக்கணக்கில் பிடிப்போடு இருக்காது.

பையின் வைஃபையும் ரேடியோவும் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு சுமையும் ஒன்றாக விழும். தோப்பில் வைஃபைக்கு வேலை இல்லை என்றால் அணைத்துவிடுங்கள், பேட்டரியும் மிச்சம்.

கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து 100 மில்லிஆம்பியர் இழுத்தால் பத்து மைக்ரோவிநாடியில் 0.1 வோல்ட் குறைந்துவிடும். 470 போட்டால் அரை மில்லிவிநாடி. ஒரு லோரா பாக்கெட் இழுக்கும் நேரம் அதைவிட நூறு மடங்குக்கு மேல். ரேடியோ எழும் அந்த முதல் உதைப்பைத் தாங்கத்தான் கெப்பாசிட்டர், மாட்யூலின் பின்னுக்கு ஒட்டினாற்போல் போட வேண்டும். பாக்கெட் முழுவதற்கும் கரண்ட் கொடுக்க வேண்டியது சப்ளைதான்.

எஸ்எஃப் 7-இல் வருகிறது, எஸ்எஃப் 12-க்கு மாற்றினால் வரவில்லை

லோராவில் ஸ்பிரெடிங் ஃபேக்டரை (எஸ்எஃப், செய்தியை எவ்வளவு நீட்டி மெதுவாக அனுப்புவது என்ற அமைப்பு) ஏற்றினால் தூரம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்றியதும் நிலைமை மோசமானால் குழம்பிப்போவோம். ஆனால் இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

125 கிலோஹெர்ட்ஸ் பேண்ட்வித்தில் 20 பைட் செய்தி எஸ்எஃப் 7-இல் 57 மில்லிவிநாடியில் போய்விடும். அதே செய்திக்கு எஸ்எஃப் 12-இல் 1.3 விநாடி ஆகும். ஓட்டம் தாங்காத பேட்டரி கண் இமைக்கும் நேரம் ஓடிவிடும், ஒன்றே கால் விநாடி ஓடச் சொன்னால் நடுவில் மூச்சு வாங்கும். பாக்கெட்டின் தலை போய்ச் சேர்ந்து வால் சேராமல் போகும்.

சோதனையாக, எஸ்எஃப் 12-ஐ அப்படியே வைத்து பவரை 20-இலிருந்து 13 டிபிஎம்முக்குக் குறைத்துப் பாருங்கள். பலத்தைக் குறைத்தபின் நன்றாக வருகிறது என்றால் பிழை சப்ளையில் என்று எழுதிக் கையெழுத்தே போடலாம்.

சப்ளை நன்றாக இருந்தும் வரவில்லை என்றால் ஒரு அமைப்பு பாக்கி: எஸ்எஃப் 11, 12-க்கு 125 கிலோஹெர்ட்ஸில் 'லோ டேட்டா ரேட் ஆப்டிமைஸ்' இரண்டு பக்கமும் ஆன் ஆகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஆன் என்றால் எதுவும் புரியாது.

அனுப்பியாச்சு என்கிறது, பக்கத்து அறையைத் தாண்டவில்லை

பேட்டரி, அடாப்டர் எதில் போட்டாலும் இதே கதை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். ஆண்டெனா வழியைப் பாருங்கள்.

கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகை இருக்கிறது. மரை இரண்டுக்கும் ஒன்றுதான், அழகாக இறுகிக்கொள்ளும். வித்தியாசம் நடுவில். சாதாரண எஸ்எம்ஏ ஆண்டெனாவின் நடுவில் ஊசி இருக்கும், போர்டு பக்கம் துளை. வைஃபை ரவுட்டரோடு வரும் ஆர்பி வகை ஆண்டெனாவின் நடுவில் துளை. அதைச் சாதாரண எஸ்எம்ஏ போர்டில் மாட்டினால் துளையும் துளையும் முகம் பார்த்து நிற்கும், உள்ளே தொடர்பே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஊசிக்கு எதிரே ஊசி மாட்டினால் இன்னும் மோசம், வளைந்து உடையும்.

யு.எஃப்.எல் என்கிற குட்டி பட்டன் கனெக்டர் முப்பது தடவை கழற்றி மாட்டத்தான் செய்யப்பட்டது. சோதனைக்காகத் தினமும் கழற்றியிருந்தால் அது இப்போது தளர்ந்திருக்கும்.

வயர் ஆண்டெனா என்றால் அளவுகோல் எடுங்கள். 866 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 34.6 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 8.6. நடைமுறையில் 8.2-இல் நன்றாக நிற்கும். 17 சென்டிமீட்டர் இருந்தால் அது 433-க்கானது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் இந்தப் பக்கம் அனுப்ப 2005-இல் 865 முதல் 867 வரை திறந்துவிட்டு, 2021-இல் 868 வரை நீட்டினார்கள். வெளிநாட்டு உதாரண நிரலில் 915 என்று இருப்பதை அப்படியே ஓட்ட வேண்டாம். ஆண்டெனா இல்லாமல் முழுப் பலத்தில் அனுப்பிப் பார்க்கவும் வேண்டாம், ஆம்ப்ளிஃபயர் கருகும்.

ஆண்டெனா சரி என்றால் நிரலுக்கு வாருங்கள். எஸ்எக்ஸ் 1276 சிப்பில் வெளியே போக இரண்டு வாசல் உண்டு: ஆர்எஃப்ஓ, பிஏ பூஸ்ட். ஆர்எஃப்எம் 95 மாட்யூலில் ஆண்டெனாவுக்கு வயர் போவது பிஏ பூஸ்டிலிருந்து மட்டும். நிரல் ஆர்எஃப்ஓவைத் தேர்ந்திருந்தால் அடைத்த வாசலில் நின்று கத்துவது மாதிரிதான், கசிவது மட்டும் பத்தடி போகும். லைப்ரரியில் பிஏ பூஸ்ட் என்று தேடி ஆன் செய்யுங்கள். 20 டிபிஎம் வேண்டும் என்றால் சிப்பின் கரண்ட் வரம்பையும் ஏற்ற வேண்டும். அது தானாக 100 மில்லிஆம்பியரில் நிற்கும், 20 டிபிஎம்முக்கோ 120 தேவை. என்னைக் கேட்டால், பேட்டரிப் பெட்டிக்கு 17 டிபிஎம் போதும். மூன்று டெசிபலுக்காக முப்பது மில்லிஆம்பியர் கூடுதலாகக் கொடுப்பதைவிட ஆண்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்துவது நல்லது.

மாட்யூல் சில நேரம் பதிலே சொல்வதில்லை

சிப்பின் 42-ஆம் எண் ரெஜிஸ்டரை, அதாவது சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவுக் கட்டத்தை, படியுங்கள் (ஹெக்ஸ் கணக்கில்). ஹெக்ஸ் 12 என்று வர வேண்டும். எப்போதும் 00 அல்லது எஃப்எஃப் என்றால் வயர் மாறியிருக்கிறது: பையில் மோசி 19-ஆம் பின், மிசோ 21, கிளாக் 23, சிப் செலக்ட் 24. சில நேரம் 12, சில நேரம் வேறு எண் என்றால் லூஸ் கான்டாக்ட், அல்லது வயர் நீளம். எஸ்பிஐ (பையும் மாட்யூலும் பேசிக்கொள்ளும் வயர் வழி) வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து நூறு தடவை படித்து, நூறும் 12 வருகிறதா என்று பாருங்கள். படிக்கும்போதே ஒவ்வொரு ஜம்பர் வயரையும் விரலால் மெல்ல அசையுங்கள், குற்றவாளி தானே காட்டிக்கொடுக்கும். வெளியில் வைக்கும் பெட்டியில் ஜம்பர் வயரே வேண்டாம் என்பது என் முடிவு. வெயிலும் பனியும் மாறி மாறிப் பட்டால் அந்தத் தகரக் குழல்கள் தளர்ந்துவிடும், எறும்பு வேறு கூடு கட்டும். சால்டர் செய்யுங்கள்.

சிக்னல் பலமாக இருக்கிறது, உள்ளே குப்பை

ஆர்எஸ்எஸ்ஐ நன்றாகக் காட்டுகிறது, சிஆர்சி (செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சோதனை) பிழை வருகிறது என்றால் தூரம் காரணம் இல்லை. சிஆர்சி சோதனை இரண்டு பக்கமும் ஆன்தானா, பேண்ட்வித், எஸ்எஃப், கோடிங் ரேட், சிங்க் வேர்டு நான்கும் ஒன்றுதானா என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். சிங்க் வேர்டு தனிப் பயனுக்கு ஹெக்ஸ் 12, லோராவான் என்கிற பொது நெட்வொர்க்குக்கு ஹெக்ஸ் 34.

எல்லாம் ஒத்துப்போய், பாக்கெட் பெரிதானால் மட்டும் பிழை என்றால் மறுபடி சப்ளைதான், மேலே போய் எஸ்எஃப் 12 பகுதியைப் பாருங்கள். எஸ்என்ஆர் மட்டும் மோசம் என்றால் இரைச்சல். பெறும் பக்கத்தில் மலிவான பூஸ்ட் கன்வர்ட்டரோ எல்இடி டிரைவரோ ஆண்டெனா அருகில் இருக்கும், அணைத்துப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி 3 கேபிளையும் டிஸ்க்கையும் தள்ளி வையுங்கள், அவை அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும்.

அலையின் பலத்தை ஏற்றி இறக்கியே பிட்டுகளை அனுப்பும் 433 மெகாஹெர்ட்ஸ் எளிய ஏஎஸ்கே மாட்யூலுக்கு இன்னொரு காரணம் உண்டு. அதில் ஒவ்வொரு பிட்டையும் பை நேரம் பார்த்துத் தூக்கி இறக்க வேண்டும். லினக்ஸ் நடுவில் வேறு வேலைக்குப் போனால் பிட்டின் நீளம் மாறிவிடும். பிக்பியோ லைப்ரரியின் வேவ் வசதியைப் பயன்படுத்தினால் அந்த வேலையைப் பையின் சிப்பில் தனியாக ஓடும் டிஎம்ஏ பகுதி பார்த்துக்கொள்ளும், நேரம் தப்பாது.

உச்சி வெயிலில் மட்டும் நிற்கிறது

விடியற்காலைப் பழுது பேட்டரி என்றால், நண்பகல் பழுது பெரும்பாலும் கிரிஸ்டல். சூடு ஏறினால், மாட்யூலின் அலைவரிசையை நிர்ணயிக்கும் அந்தக் கிரிஸ்டல் சற்று நழுவும். பத்து லட்சத்தில் பத்து பங்கு நழுவினாலே 866 மெகாஹெர்ட்ஸில் 8.7 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். பேண்ட்வித்தில் கால் பங்கு வரை லோரா பொறுத்துக்கொள்ளும். 125 கிலோஹெர்ட்ஸில் அது 31, கவலை இல்லை. தூரம் கூட்டுகிறேன் என்று 31.25 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக்கியிருந்தால் 7.8-தான், அங்கே உடையும். பேண்ட்வித்தை 125-க்கே வையுங்கள், தூரம் வேண்டும் என்றால் எஸ்எஃப்பை ஏற்றுங்கள். பெட்டி வெள்ளை நிறமாக, பேனலின் நிழலில் இருக்கட்டும். செல்லுக்கும் அது நல்லது.

மழைக்குப் பின், அல்லது மட்டை வளர்ந்த பின் குறைகிறது

இது பிழை இல்லை, வழி அடைபட்டது. 700 மீட்டர் தூரத்துக்கு நேர்கோடு மட்டும் தெரிந்தால் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றி நடுவழியில் எட்டு மீட்டர் ஆரத்துக்கு அலை பரவும். அதில் பாதிக்குமேல் திறந்திருக்க வேண்டும். ஈரத் தென்னை மட்டை அந்த இடத்தை மறைத்தால் சிக்னல் இறங்கும். ஆண்டெனாவை மோட்டார் ரூமின் தகரக் கூரைக்குக் கீழே வைக்காமல், பிவிசி குழாயில் கட்டிக் கூரைக்கு மேலே தூக்குங்கள். மெல்லிய ஆர்ஜி 174 கேபிளில் மீட்டருக்கு ஒரு டெசிபல் போகும். அதனால் கேபிளை நீட்டாமல் பெட்டியையே மேலே ஏற்றுவது நல்லது. கனெக்டருக்குள் தண்ணீர் இறங்காதபடி தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்றுங்கள்.

பவர் பேங்கில் போட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அணைந்துவிடுகிறது

இழுக்கும் கரண்ட் குறைந்தால் போன் சார்ஜ் ஏறிவிட்டது என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமே அணையும். பையை மிச்சம்பிடித்து ஓட்டினால் இதில் மாட்டும். 'லோ கரண்ட் மோடு' உள்ள பேங்க் வாங்குங்கள், இல்லையென்றால் செல்லும் கன்வர்ட்டரும் போதும்.

அனுப்பிவிட்டு ஷட்டவுன் ஆகும் பெட்டியில் பாக்கெட் மட்டும் காணோம்

பேட்டரி மிச்சம் பிடிக்க, டைமர் எழுப்பி, ஒரே பாக்கெட் அனுப்பி, அணைந்துவிடும் அமைப்பில் இது அடிக்கடி நடக்கும். நிரல் பாக்கெட்டை மாட்யூலிடம் கொடுத்த உடனே முடிந்துவிடுகிறது. மாட்யூல் இன்னும் 1.3 விநாடி பேச வேண்டியிருக்கிறது, அதற்குள் டைமர் போர்டு கரண்டைப் பிடுங்கிவிடுகிறது. மேஜையில் சோதிக்கும்போது கரண்ட் நிற்பதில்லை என்பதால் அங்கே எல்லாம் நன்றாக ஓடும்.

பாக்கெட்டைக் கொடுத்தபின் 12-ஆம் ரெஜிஸ்டரில் (இதுவும் ஹெக்ஸ்) முடிந்ததைச் சொல்லும் 08 கொடி வரும்வரை காத்திருங்கள். எஸ்எஃப் 12-க்கு மூன்று விநாடிக் கெடு போதும். அதற்குள் கொடி வரவில்லை என்றால் ரீசெட் பின்னை ஒரு கணம் கீழே இழுத்து விட்டு, ஐந்து மில்லிவிநாடி பொறுத்து, அமைப்புகளை மறுபடி எழுதி, இன்னொரு தடவை அனுப்புங்கள். ஷட்டவுன் அதற்கப்புறம்.